வெள்ளியங்கிரி மலையேற்ற முன்னேற்பாடு

வெள்ளியங்கிரி மலையேற்ற முன்னேற்பாடு என்பது, கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள வெள்ளியங்கிரி மலையின் உச்சிவரை நடந்து சென்று திரும்புவோர், உடல்நிலை, நேரம், நீர், உணவு, உடை ஆகியவற்றில் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களைக் குறிக்கும். இம்மலையில் ஏறும் பருவம் ஆண்டின் வறண்ட, வெப்பமான மாதங்களில் அமைகிறது. பாதை செங்குத்தானது, பெரும்பகுதி கல்லும் பாறையும் கொண்டது. ஏறுவோரில் மிகப் பலர் மலையேற்றப் பயிற்சி இல்லாதவர்கள். மூச்சுத்திணறல், மாரடைப்பு ஆகியவற்றால் பக்தர்கள் உயிரிழக்கும் நிகழ்வுகள் நேர்ந்து வருகின்றன. 2024 ஆம் ஆண்டுப் பருவத்தில் பலர் இவ்வாறு உயிரிழந்தனர். எனவே இம்மலையைப் பொறுத்தவரை முன்னேற்பாடு என்பது வசதிக்கானது மட்டுமன்று, உயிர்காப்புக்கானதும் ஆகும்.

மலையும் பாதையும்

மலையடிவாரமான பூண்டியில் வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் உள்ளது. இக்கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிருவாகத்தில் உள்ளது. பாதை வனத்துறையின் போளுவாம்பட்டி வனச்சரகத்திற்கு உட்பட்ட காட்டின் வழியே செல்கிறது. வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களிலேயே ஏறுவதற்கு அனுமதி அளிக்கப்படுகிறது. மகா சிவராத்திரி, சித்திரா பௌர்ணமி ஆகிய நாட்களில் கூட்டம் மிகுதி.

ஏழு மலைகளைக் கடந்து உச்சியை அடைய வேண்டும். ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 6 கி.மீ. உச்சியின் உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி. அடிவாரத்திற்கும் உச்சிக்கும் இடையே 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயர வேறுபாடு உண்டு. முதல் மலை ஒழுங்கற்ற கற்படிகளைக் கொண்ட செங்குத்தான ஏற்றமாகும். வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை ஆகிய நீர்நிலைகள் உள்ளன. ஏழாம் மலை மரநிழல் குறைந்த புல்வெளியும் பாறையும் ஆகும். அங்கு காற்று வலுவாக வீசும். உச்சியில் பாறைகளுக்கு இடையே சுயம்பு லிங்கம் உள்ளது.

சேவூர் பகுதியிலிருந்து பயணம்

திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்திலுள்ள சேவூரிலிருந்து அவிநாசி, கோயம்புத்தூர், பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு வழியாகப் பூண்டியை அடையலாம்.

இப்பகுதியின் முதன்மைத் தொழில்களுள் ஒன்று பின்னலாடைத் தொழில். பனியன் நிறுவனங்களில் வாரக்கூலி சனிக்கிழமையில் வழங்கப்படுவதும் ஞாயிறு விடுமுறையாக இருப்பதும் வழக்கம். இதனால் சனி இரவு புறப்பட்டு, இரவோடு இரவாக ஏறி, ஞாயிறு இறங்கித் திரும்பும் திட்டமே இத்தொழிலாளருக்கு எளிதாகத் தோன்றும். ஆயினும் ஒன்றரை ஷிப்டு வேலை முடித்த உடல் ஏற்கெனவே களைத்திருக்கும். தொடர்ந்து வண்டிப் பயணமும் உறக்கமின்மையும் சேரும்போது, முதல் மலையின் செங்குத்தான படிகள் இதயத்திற்குப் பெரும் சுமையாகின்றன. இறங்கிய பின் அரைத்தூக்கத்தில் இருசக்கர வாகனம் ஓட்டித் திரும்புவதும் மலைக்கு ஈடான இடர் உடையது. புறப்படும் நாளில் அரை நாளாவது ஓய்வு கொள்ளுதல், முந்தைய இரவில் முழு உறக்கம், திரும்பும்போது பேருந்தோ ஓட்டுநருடன் கூடிய வாடகை வண்டியோ ஏற்பாடு செய்தல் ஆகியவை முதன்மையான ஆயத்தங்களாகும்.

உடல்நிலை ஆயத்தம்

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா ஆகியவை உள்ளோர் மலையேறுவதைத் தவிர்க்குமாறு துறையினர் அறிவுறுத்தி வருகின்றனர். 40 வயதைக் கடந்தவர்கள், புகைப்பிடிப்பவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஏற்பட்டவர்கள் ஆகியோர், நோய் ஏதும் அறியப்படாவிடினும், சில வாரங்களுக்கு முன்பே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருத்துவரின் கருத்தைப் பெறுதல் நன்று. காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றிலிருந்து அண்மையில் மீண்டவர்கள் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்கும், செக்கிங் மேசையருகே நின்றே பணிபுரிபவருக்கும் ஏறும் பயிற்சி கிடைப்பதில்லை. ஆறு முதல் எட்டு வாரங்கள் நாள்தோறும் விரைவாக நடத்தலும், வாரம் இருமுறை மாடிப்படி ஏறி இறங்குதலும் போதிய தொடக்கமாகும். சேவூர் பகுதியினர் பயிற்சிக்கு இரண்டு குன்றுகளைப் பயன்படுத்தலாம்:

- ஓதிமலை: புன்செய்ப் புளியம்பட்டிக்கு அருகே இரும்பறையில் உள்ள முருகன் கோயில் மலை. செங்குத்தான படிகள் 1,700-க்கும் மேல்.
- சென்னிமலை: ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. 1,320 படிகள்.

இவற்றுள் ஒன்றில் நிற்காமல் பேச்சு மூச்சு வாங்காதவாறு ஏறி இறங்க முடியாதவர், வெள்ளியங்கிரியை அவ்வாண்டு ஒத்திவைப்பதே தக்கது.

இறங்குதலுக்கும் தனிப்பயிற்சி தேவை. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் இது மிகுந்த வலியை உண்டாக்கும். அவ்வலி அடுத்த ஓரிரு நாட்களில் உச்சமடையும். கால் நடுக்கத்தால் சறுக்கி விழுதலும் இறக்கத்திலேயே மிகுதியாக நேரக்கூடும்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892 இல் வகுத்த விதி இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதன்படி 5 கி.மீ. தொலைவுக்கு ஒரு மணி நேரமும், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கணக்கிட வேண்டும். 6 கி.மீ. தொலைவும் 1,200 மீட்டர் ஏற்றமும் கொண்டால், ஓய்வின்றிச் செல்லும் உடல்திறன் மிக்கவருக்கே மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆகும். பழக்கமில்லாதவருக்கு இதைப்போல் இருமடங்கு ஆகலாம்.

புறப்படும் முன்பே திரும்பும் நேரம் ஒன்றைக் குழுவாக முடிவு செய்தல் வேண்டும். அந்நேரத்திற்குள் உச்சியை எட்டாவிடினும் எந்த மலையில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். வேண்டுதலுடன் செல்வோருக்கு இது கடினமான முடிவாகும். எனினும் இம்முடிவைக் களைப்பில்லாத நேரத்தில், அடிவாரத்திலேயே எடுப்பது எளிது. முழு நண்பகலில் நிழலற்ற பாறையில் ஏறுதல் தவிர்க்கத்தக்கது.

நீரும் உணவும்

கோடையில் ஏறுபவருக்கு மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் நீர் தேவைப்படலாம். ஒருவர் குறைந்தது 3 லிட்டர் கொண்டு செல்லுதல் பொருத்தமானது. கோடையின் பிற்பகுதியில் சுனைகளில் நீர் குறையக்கூடும் என்பதால் அவற்றை மட்டும் நம்பலாகாது.

வியர்வையில் நீருடன் உப்பும் வெளியேறுகிறது. வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், குழப்பம், வலிப்பு ஆகியவை ஏற்படலாம். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் போன்ற வறண்ட பாறைப் பள்ளத்தாக்குகளில் நடப்போர்க்கும் நீருடன் உப்புள்ள உணவு உண்ணுமாறு அறிவுறுத்தப்படுவது இதனாலேயே. உப்பிட்ட எலுமிச்சைச் சாறு, பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் கரைத்த உப்புச் சர்க்கரைக் கரைசல், கடலை மிட்டாய், பேரீச்சை, பொரிகடலை, புளிச்சோறு ஆகியவை ஏற்றவை. புறப்படும் முன் வயிறு நிறைய உண்பதும், மது அருந்துவதும் கூடாது.

உடையும் பொருட்களும்

பருத்திப் பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும். அடிவாரத்து வெப்பத்தில் இது உடலைக் குளிர்விக்கும். ஆனால் உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறைகிறது. உச்சியில் விடியற்காலைக் காற்றில் ஈரப் பனியன் உடல் வெப்பத்தை விரைந்து பறித்து நடுக்கத்தை உண்டாக்கும். விரைவில் உலரும் பாலியெஸ்டர் பின்னலாடையை அணிவதோ, மாற்றுப் பருத்தி ஆடை ஒன்றை நனையாமல் பையில் வைத்துக்கொள்வதோ இதற்குத் தீர்வாகும்.

பிற பொருட்கள்:

- அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடி. இது இறங்கும்போது முழங்காலின் சுமையைக் குறைக்கும்.
- டார்ச் விளக்கும் மாற்று மின்கலங்களும். கைப்பேசி விளக்கை மட்டும் நம்பலாகாது.
- காற்றைத் தடுக்கும் மேலாடை, தலைத்துண்டு.
- வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், காயக்கட்டுத் துணி.
- குப்பையைத் திரும்பக் கொண்டுவரப் பை ஒன்று.

வேண்டுதலின் பொருட்டு வெறுங்காலுடன் ஏறுவோர், சில வாரங்கள் கரடுமுரடான தரையில் நடந்து பழகுதல் வேண்டும். வெயிலேறிய பாறை பாதத்தில் கொப்புளத்தை உண்டாக்கும்.

காடு, தீ, இடி

பாதை யானைகள் நடமாடும் காட்டில் அமைந்துள்ளது. தனியே செல்லுதல், குறுக்குவழியில் இறங்குதல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். கோடையில் புல் காய்ந்திருக்கும். பீடி, தீப்பெட்டி ஆகியவை காட்டுத்தீயை உண்டாக்கும். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகளை வெளியிட்டது.

ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் கோடை இடிமழை பெய்யக்கூடும். இடியோசை கேட்டவுடன் திறந்த உச்சியை விட்டு இறங்க வேண்டும்.

அபாய அறிகுறிகள்

நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். பேச்சுக் குழறலும் மனக்குழப்பமும் கூடிய கடும் உடல்வெப்பம் வெப்பத்தாக்கைக் காட்டும். இவற்றுள் எது தோன்றினாலும் ஏறுவதை உடனே நிறுத்தி, உட்கார வைத்து, உதவி கோர வேண்டும். வெப்பத்தாக்கில் ஆடையைத் தளர்த்தி, நீர் தெளித்து, விசிற வேண்டும். நாடியும் மூச்சும் நின்றுவிட்டால் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். குழுவில் இருவரேனும் இதனை முன்பே கற்றிருத்தல் நலம்.

மலைமேல் வாகனப் பாதை இல்லை. நோயுற்றவரை டோலியில் சுமந்தே இறக்க வேண்டும். ஐந்தாம், ஆறாம் மலைகளிலிருந்து இதற்குப் பல மணி நேரம் ஆகும். 108 அவசர ஊர்தி அடிவாரம் வரையே வர இயலும். ஆகவே ஒருவர் எவ்வளவு மேலே செல்கிறாரோ, அவ்வளவுக்கு மருத்துவ உதவி தொலைவாகிறது. முதல் மலையிலேயே உடல் ஒத்துழைக்காதவர் அங்கிருந்தே திரும்பி, அடிவாரக் கோயிலில் வழிபட்டுச் செல்வது குறையாகாது.

இவற்றையும் பார்க்கவும்

- மேற்குத் தொடர்ச்சி மலை
- பர்வதமலை
- சதுரகிரி
- சேவூர்