வெள்ளைக் கோபுரமும் இளித்த முகமும்

பழைய புத்தகக் கடையில் அரை விலைக்கு வாங்கிய ஓர் ஆங்கில நாவலுக்குள் அந்தப் படத் தபால் கார்டு கிடந்தது. நாவல் சுமார்தான், முப்பது பக்கத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை. கார்டை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன். இரவு நேரம், கரிய வானம். நடுவே ஒரு கோபுரம். அடியிலிருந்து நுனி வரை மின்சார விளக்குகளை முத்து முத்தாகக் கோத்திருக்கிறார்கள். கீழே ஒரு குளம். குளத்துக்குள் இன்னொரு கோபுரம் தலைகீழாக மிதக்கிறது. ஓரத்தில் ‘ட்ரீம்லாண்ட், கோனி ஐலண்ட்’ என்று அச்சிட்டிருக்கிறது.

கனவுலகம் என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த இடம் எத்தனை காலம் இருந்தது என்று பார்க்கப் போனேன். ஏழே ஏழு கோடைப் பருவங்கள்! அதற்கு அடுத்த தெருக்களில் அதனோடு போட்டி போட்ட வேறு இரண்டு கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. ஒன்று நாற்பது வருஷம் நீடித்தது. மற்றொன்று அறுபத்தேழு வருஷம். மூன்றில் அழகானது முதலில் போயிற்று. அழகைப் பற்றிக் கவலையே படாதது கடைசி வரை நின்றது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் ஏதோ சமாசாரம் இருக்கிறது என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

கோனி ஐலண்ட் என்பது நியூயார்க் நகரத்துப் புரூக்ளினின் தென்கோடியில், அட்லாண்டிக் சமுத்திரக் கரையில் இருக்கிறது. கடற்கரை ஊரில் குடியிருந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே தெரியும். ஜன்னல் கம்பிக்கு ஐப்பசியில் வர்ணம் அடித்தால் சித்திரைக்குள் அது பொரிந்து உதிர்ந்துவிடும். நானும் சில வருஷம் அப்படி ஓர் ஊரில் இருந்தேன். வீட்டுக்காரருக்கும் எனக்கும் நடந்த சண்டையெல்லாம் சுண்ணாம்பைப் பற்றித்தான். உப்புக் காற்று யாரையும் சும்மா விடாது. அங்கேயோ உப்புக் காற்றோடு பனியும் உண்டு. அந்த மணலின் மேல் போய்த்தான் இந்திரலோகம் கட்டினார்கள்.

முதல் ஆசாமி ஜார்ஜ் டில்யூ. கோனி ஐலண்டிலேயே வளர்ந்தவர். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குத் தேனிலவாகப் போனவர், அங்கே பெர்ரிஸ் கட்டிய ராட்சத ராட்டினத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். அதை விலைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, அதில் பாதி அளவுக்கு ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, ‘உலகத்திலேயே பெரிய ராட்டினம் இங்கே வரப்போகிறது’ என்று பலகை நட்டார். 1897-ல் அவர் வேலி கட்டித் திறந்த பூங்காவுக்கு ஸ்டீப்பிள்சேஸ் என்று பெயர். குதிரைப் பந்தயம் என்று அர்த்தம். இரும்புத் தண்டவாளத்தின் மேல் மரக்குதிரைகள் சரிந்து ஓடும். அதில் ஆணும் பெண்ணும் ஒட்டி உட்கார்ந்து போகலாம். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு பெண்ணின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சட்டபூர்வமான காரணம் ஒன்று கிடைப்பது சாமானியமா?

1902-ல் டில்யூ, பஃபலோ நகரக் கண்காட்சியில் பேர்பெற்ற ‘சந்திரலோக யாத்திரை’ என்ற காட்சியைத் தம் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அதன் சொந்தக்காரர்கள் பிரெடெரிக் தாம்ஸன், எல்மர் டண்டி என்று இருவர். அந்தக் கோடை முழுவதும் மழை. பருவ முடிவில் பங்குப் பேச்சு வந்தபோது டில்யூ அவர்களுடைய பங்கைக் குறைத்தார். அவர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறி, பக்கத்திலேயே மனை பிடித்தார்கள். 1903 மே 16-ம் தேதி இரவு எட்டு மணிக்கு அங்கே லூனா பார்க்கின் கதவு திறந்தது. இரண்டரை லட்சம் மின் விளக்குகள் ஒரே சமயத்தில் எரிந்தன. வீடுகளில் இன்னும் எண்ணெய் விளக்கும் காஸ் விளக்கும் எரிந்த காலம் அது. உள்ளே நுழைந்த ஜனங்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நாமே ஊகிக்கலாம்.

அந்த மின்சாரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறப்பு விழாவுக்கு நான்கு மாதம் முன்னால், ஜனவரி 4-ம் தேதி, பாதி கட்டிய அதே பூங்காவில், முரட்டு யானை என்று பெயரெடுத்த டாப்ஸியை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். விஷமும் கொடுத்தார்கள், கழுத்தில் கயிறும் போட்டார்கள். எடிசன் கம்பெனி அதைச் சினிமாப் படமாகவும் எடுத்தது. அந்தக் கோபுரங்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த யானை ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

தாம்ஸன் கட்டடக்கலை படித்து முடிக்காதவர். படித்து முடிக்காதவர்களிடம் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு; நானும் இண்டர்மீடியட்டோடு நின்றவன். அவருடைய சித்தாந்தம் இதுதான்: நேர்கோடு கண்டிப்பானது, ஆபீசுக்கும் சர்ச்சுக்கும் அதுவே போதும், விளையாட வந்தவன் கண்ணில் அது படக்கூடாது. ஆகவே லூனாவில் எல்லாம் வளைவு, கும்மட்டம், மினார், பிறைச் சந்திரன். எந்த நாட்டுக் கட்டடம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. வர்ணமோ கண்ணைப் பறிக்கும். 1904-ல் தில்லி தர்பாரையே அங்கே யானைகளோடு நடத்திக் காட்டினார்கள். வருஷா வருஷம் புதுக் கோபுரங்கள் முளைத்தன. ஆயிரத்துக்கும் மேல் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். போன வருஷம் பார்த்தது இந்த வருஷம் இருக்கக்கூடாது என்பது தாம்ஸனின் விரதம். விரதம் நல்லதுதான்; செலவு யாருடையது?

இந்தக் கோபுரங்களை எதனால் கட்டினார்கள் என்பது முக்கியம். மரச்சட்டத்தின் மேல் மெல்லிய மரப்பட்டைகளை அடித்து, அதன் மேல் பிளாஸ்டரில் சணல் நாரைக் கலந்து பூசுவார்கள். ‘ஸ்டாஃப்’ என்று அதற்குப் பெயர். சிகாகோ கண்காட்சியின் பளிங்கு மாளிகைகள் என்று உலகம் வியந்ததெல்லாம் இந்தப் பூச்சுதான். ஒரு பருவம் நிற்கக் கட்டும் பந்தலுக்குச் சரியான சரக்கு. நம் ஊர்க் கோபுரத்துச் சுதைப் பொம்மைகளுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வர்ணம் பூசிக் கும்பாபிஷேகம் செய்கிறோம். இந்தப் பொம்மைகளுக்கு வருஷந்தோறும் கும்பாபிஷேகம் தேவைப்பட்டது. குளிர்காலத்தில் வெடித்ததை வசந்தத்தில் பூசி, வர்ணம் அடித்து, உடைந்த விளக்கை மாற்றி, மே மாதக் கடைசிக்குள் தயாராக வேண்டும்.

லூனாவின் வெற்றியைப் பார்த்து வயிறெரிந்தவர்களில் வில்லியம் ரேனால்ட்ஸ் ஒருவர். நிலவியாபாரி, மாகாணச் சட்டசபையில் செனட்டராக இருந்தவர். லூனாவில் இரண்டரை லட்சம் விளக்கா? தமக்குப் பத்து லட்சம்! லூனாவில் வர்ணங்களின் கும்மாளமா? தம்முடையது முழுக்க வெள்ளை. 1904 மே மாதம் திறந்த ட்ரீம்லாண்டின் நடுவே நின்றதுதான் என் கார்டில் இருக்கும் கோபுரம். ஸ்பெயின் தேசத்து செவீல் நகரின் ஹிரால்டா கோபுரத்தைப் பார்த்துச் செய்தது. 375 அடி உயரம். விசாலமான வீதிகள், ஒழுங்கான முகப்புகள், எல்லாம் கனவான்களுக்கு ஏற்ற லட்சணம். குள்ளர்கள் முந்நூறு பேரைக் கொண்டு ஒரு சிறு நகரமே அதற்குள் இருந்தது. அவர்களுக்கென்று ஒரு தீயணைப்புப் படையும் உண்டு. வேறொரு காட்சியில் தினமும் ஒரு மாடி வீட்டுக்கு நெருப்பு வைத்து, ஜனங்கள் கைதட்ட அணைத்துக் காட்டினார்கள்.

1906-ல் மாக்ஸிம் கார்க்கி கோனி ஐலண்டுக்குப் போனார். தூரத்தில் கடலின் மேல் எழும் அந்த ஒளி நகரத்தைக் கண்டு முதலில் மயங்கிய அவர், உள்ளே போனதும் சலிப்பைத்தான் கண்டதாக எழுதினார். அவருக்கு வேறு காரணங்கள் இருந்தன. எனக்கும் அவருக்கும் அரசியல் விவாதம் வேண்டாம். ஆனால் வெள்ளையைப் பற்றி ஒன்று சொல்வேன். வெள்ளை பராமரிப்பைக் காட்டிக்கொடுக்கும் நிறம். லூனாவின் சிவப்பில் ஒரு விரிசல் விழுந்தால் அது இன்னொரு கோடு. ட்ரீம்லாண்டின் வெள்ளையில் அது அழுக்கு. வேட்டி கட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அதோடு, வெள்ளை மாளிகையின் முன்னால் நிற்கிற மனிதன் தானாகவே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்கிறான். சிரிக்க வந்தவனைப் பித்தான் போட வைத்தால் அவன் அடுத்த கதவுக்குப் போய்விடுவான். லூனாவின் கூட்டத்தை ட்ரீம்லாண்டால் இழுக்க முடியவே இல்லை.

கடைசியில் நிர்வாகிகளே தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். 1911-ம் வருஷப் பருவத்துக்காக வெள்ளையை மாற்றி வெண்ணெய் நிறமும் செந்நிறமும் பூசினார்கள். மே 27-ம் தேதி திறப்பு. முந்தின நள்ளிரவு தாண்டியும் வேலை நடந்துகொண்டிருந்தது. ‘நரக வாசல்’ என்று ஒரு படகு விளையாட்டு. அதில் தண்ணீர் ஒழுகியது. ஒழுக்கை அடைக்கக் கொதிக்கும் தாரை வாளியில் வைத்துக்கொண்டு ஆட்கள் வேலை செய்தார்கள். திடீரென்று விளக்குகள் அணைந்தன. இருட்டில் யாரோ வாளியை உதைத்துவிட்டார்கள்.

நரக வாசலில் பிறந்த நெருப்பு விடிவதற்குள் கனவுலகம் முழுவதையும் தின்றுவிட்டது. மரமும் சணலும் புது வர்ணமும் வேறு எதற்குத்தான் லாயக்கு? தண்ணீர்க் குழாயில் போதிய வேகமில்லை. வெள்ளைக் கோபுரம் சரிந்தது. குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்த்து, காட்சிக் கட்டணத்தைக் கொண்டே அவற்றைக் காப்பாற்றி வந்த மார்ட்டின் கூனி என்பவரின் விடுதியும் அங்கே இருந்தது. குழந்தைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். மிருகங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிடரி எரிய வீதியில் ஓடிய சிங்கம் ஒன்று பக்கத்து விளையாட்டின் செயற்கை மலையில் ஏறி நின்றது. போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். மனித உயிர் ஒன்றும் போகவில்லை. ரேனால்ட்ஸ் திரும்பக் கட்டவுமில்லை. பராமரிக்காமல் பாழான இடங்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். பராமரிக்கும்போதே பாழானது இதுதான்.

லூனாவின் சாவு இத்தனை வேகமாக வரவில்லை. கணக்கு வழக்கைப் பார்த்த டண்டி 1907-லேயே காலமானார். கற்பனை பண்ணத் தெரிந்தவர் மட்டும் மிஞ்சினார். 1912-ல் தாம்ஸன் திவால். பூங்கா கடன்காரர்களிடம் போயிற்று. 1919-ல் அவரும் போய்விட்டார். அதற்குப் பிறகு கோபுரங்கள் இருந்தன, விளக்குகள் எரிந்தன, ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் பைத்தியம்போல் மாற்றிக் கட்டுகிறவர் இல்லை. மாறிக்கொண்டே இருப்பதையே அலங்காரமாகக் கொண்ட இடம் மாறாமல் நின்றால் கிழடு தட்டிவிடும். பொருளாதார மந்தம் வந்த 1930-களில் கஷ்டம் இன்னும் முற்றியது. 1944 ஆகஸ்டில் நெருப்பு வந்தபோது பாதி எரிந்தது. மீதியைத் திறக்க யாரும் முன்வரவில்லை. இன்று அங்கே அடுக்கு வீடுகள் நிற்கின்றன. 2010-ல் அதே பெயரில் கோனி ஐலண்டில் புதிதாக ஒன்று திறந்தார்கள். பெயர்தான் அது, மனை வேறு.

டில்யூ என்ன செய்தார்? அவருடைய பூங்காவும் 1907 ஜூலையில் எரிந்தது. இன்ஷூரன்ஸ் கிடையாது. மறுநாள் வாசலில் ஒரு பலகை: எரிந்த சாம்பலைப் பார்க்கக் கட்டணம் பத்து சென்ட்! இந்த மனிதரை வெறுக்கவும் முடியவில்லை, மெச்சாமல் இருக்கவும் முடியவில்லை. ஆனால் அடுத்து அவர் செய்ததுதான் புத்திசாலித்தனம். பிளாஸ்டர் கோபுரம் ஒன்றுகூட வைக்கவில்லை. இரும்பும் கண்ணாடியும் கொண்டு மகா பெரிய கொட்டகை ஒன்றைப் போட்டு, மழைக்கும் வெயிலுக்கும் உள்ளேயே எல்லா விளையாட்டையும் வைத்தார். முகப்பில் ஒரே அலங்காரம், வரிசையாகப் பல்லைக் காட்டி இளிக்கும் ஒரு முகம். அழகா என்று கேட்டால், சகிக்காது.

அவருக்கு அலங்காரம் தேவைப்படவில்லை. மயன் கட்டிய சபையில் துரியோதனன் தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழுந்தபோது ஜனங்கள் பார்த்தது பளிங்கையா, அவனையா? மரக்குதிரையிலிருந்து இறங்குகிறவர்கள் வெளியே போகும் வழி ஒரு மேடையின் மேல்தான் போகும். திடீரென்று தரையிலிருந்து காற்று சீறிப் பாவாடை பறக்கும், தொப்பி பறக்கும். கோமாளி ஒருவன் மின்சாரக் கோலால் தொட்டுத் துள்ள வைப்பான். எதிரே வரிசையாக ஆசனங்களில் ஜனங்கள் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். யார் அவர்கள்? ஐந்து நிமிஷம் முன்னால் அதே மேடையில் தொப்பியைத் தொலைத்தவர்கள்! இந்தக் காட்சிக்கு வர்ணம் அடிக்க வேண்டாம். புதுப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு ரயிலிலும் புதுச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். டிக்கட்டும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

டில்யூ 1914-ல் காலமான பிறகும் குடும்பத்தார் ஐம்பது வருஷம் நடத்தினார்கள். 1964 செப்டம்பரில் மூடினார்கள். நெருப்பு அல்ல, திவால் அல்ல, காலம் மாறிவிட்டது. மனையை வாங்கியவர் பிரெட் டிரம்ப், பிற்காலத்தில் ஜனாதிபதியான டொனால்ட் டிரம்பின் தகப்பனார். அந்த இடத்தில் அடுக்கு வீடு கட்ட அவருக்கு ஆசை. பழம்பெரும் கட்டடம் என்று யாராவது பாதுகாப்புக் கேட்டுவிடுவார்களோ என்ற பயமும் இருந்திருக்கும். 1966 செப்டம்பரில் விருந்து ஒன்று வைத்து, வந்தவர்கள் கையில் செங்கல்லைக் கொடுத்தார். அவர்கள் முகப்பிலிருந்த கண்ணாடியின் மேல், அந்த இளித்த முகத்தின் மேல், ஒவ்வொருவராக எறிந்தார்கள். சிரித்துக்கொண்டேதான் எறிந்தார்கள்.

அடுக்கு வீடு கட்ட நகர நிர்வாகம் அனுமதிக்கவில்லை. மனை வெகு காலம் காலியாகக் கிடந்தது. ட்ரீம்லாண்ட் இருந்த இடத்தில் 1957 முதல் மீன்காட்சி சாலை இருக்கிறது.

ஸ்டீப்பிள்சேஸ் மனையில் ஒன்று மட்டும் மிஞ்சியது. 1939-ம் வருஷ உலகக் கண்காட்சியிலிருந்து டில்யூ குடும்பம் 1941-ல் வாங்கி வந்து நட்ட பாரசூட் கோபுரம். சுமார் 250 அடி உயர வெறும் இரும்பு. 1971-ல் நகர நிர்வாகம் அதை ஏலம் போட்டது. கேட்க ஓர் ஆள் வரவில்லை. ஆகவே அது நின்றுகொண்டிருந்தது. 1989-ல் அதைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்தார்கள். இப்போது நகரத்தின் செலவில் அதற்கு வர்ணம் பூசி, இரவில் விளக்குப் போடுகிறார்கள்.