திருத்தங்களின் எண்ணிக்கையும் மாணவர் ஈடுபாடும்: மொழி வகுப்பில் கூட்டெழுத்துக் கருவிகள்

கூகுள் டாக்ஸ், விக்கி போன்ற கூட்டெழுத்துக் கருவிகள் மொழி வகுப்புக்குள் வந்தபோது ஆசிரியருக்கு ஒரு புது வசதி கிடைத்தது. யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பதைத் திருத்த வரலாறு அப்படியே காட்டிவிடுகிறது. அந்தத் திருத்தங்களை எண்ணி மாணவரின் ஈடுபாட்டை மதிப்பிடுவது எளிது. ஆனால் மொழி கற்றலுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஃபிரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்ட், பாரிஸ் ஆகிய மூவரும் 2004இல் மாணவர் ஈடுபாட்டை நடத்தை, உணர்வு, அறிதல் என மூன்றாகப் பகுத்தனர். திருத்த வரலாற்றில் நேரடியாகப் பதிவாவது நடத்தை மட்டுமே.

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் இரு மாணவிகள் ஒரே கோப்பில் எழுதுவதாகக் கொள்வோம். ஒருத்தி ‘மாணவர்கள் பள்ளிக்குச் சென்றன’ என்று எழுதுகிறாள். மற்றவள் அதை அழித்துச் ‘சென்றனர்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறாள். வரலாற்றில் ஒரு திருத்தம் ஏறிவிட்டது. முதலாமவளோ அடுத்த பத்தியில் ‘ஆசிரியர்கள் வந்தன’ என்றே எழுதக்கூடும். மாறாக, ‘பறவைகள் பறந்தன என்பது சரிதானே, இது மட்டும் ஏன் தவறு?’ என்று அவள் ஓரக் குறிப்பில் கேட்டிருந்தால், உயர்திணை அஃறிணை வேறுபாட்டைத் தோழி விளக்கியே ஆக வேண்டும். விளக்கப் புகும்போதுதான் அவளுக்கும் விதி தெளிவாகும். இரண்டு நிகழ்விலும் திருத்தம் ஒன்றே, கற்றல் ஒன்றல்ல.

மெரில் ஸ்வெய்ன் 2000இல் முன்வைத்த ‘கூட்டு உரையாடல்’ என்னும் கருத்தாக்கம் இதையே வலியுறுத்துகிறது: மொழியைப் பற்றிப் பேசும் பேச்சுக்குள்ளேயே மொழியறிவு உருவாகிறது. நியோமி ஸ்டோர்ச் ஆஸ்திரேலியாவில் இணை இணையாக எழுதிய மாணவர்களை ஆராய்ந்து 2002இல் நான்கு உறவுமுறைகளைக் கண்டார். இருவரும் இணைந்து உழைத்த இணைகளிலும், தேர்ந்தவர் மற்றவருக்கு வழிகாட்டிய இணைகளிலும் கற்றது நிலைத்தது. ஒருவரே ஆதிக்கம் செலுத்திய இணைகளில் அந்தப் பயன் குறைவு. கணினித் திரையைவிட மாணவர்களுக்கிடையிலான உறவே முதன்மையானது என்று இதிலிருந்து கொள்கிறேன்.

கிரெக் கெஸ்லரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் கூர்மையானது. மெக்சிகோவில் ஆங்கில ஆசிரியராகப் பயிற்சி பெற்றுவந்த மாணவர்கள் விக்கியில் ஊக்கத்துடன் எழுதினர். ஆனால் கவனம் பொருளிலேயே நின்றது. தங்களால் திருத்தக்கூடிய இலக்கணப் பிழைகளைக்கூட அவர்கள் விட்டுவைத்தனர். கருவியைக் கையில் கொடுத்தாலே மொழிவடிவத்தில் கவனம் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது வலுவான மறுப்பு.

கூச்சமுள்ள மாணவர் பேசாமல் திருத்தினாலும் சிந்திக்கத்தானே செய்கிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; ஆயினும் அந்தச் சிந்தனை கோப்பில் தெரியாதவரை சக மாணவருக்குப் பயன்படாது, ஆசிரியராலும் மதிப்பிட முடியாது. பேசத் தயங்குபவருக்கு எழுத்தில் காரணம் சொல்வது எளிதாகவும் இருக்கலாம்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. எழுத்துப்பெயர்ப்பு, கலைச்சொல் பற்றிய கருத்து வேறுபாடுகளைக் காரணம் காட்டி வாதிட அதுவே இடம். மொழி வகுப்பில் இதைப் பின்பற்றப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. எழுதுவோர் இருவராக இருக்கட்டும். திருத்துபவர் காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும். ஆசிரியர்கள் மதிப்பெண்ணில் ஒரு பங்கையேனும் அந்த வரிக்கு ஒதுக்க வேண்டும்.