கைத்திறனும் எழுத்தேடும்

தொழில் தெரிந்தவனுக்கு ஏடு எதற்கு என்னும் வினா பட்டறையிலும் எழும், பள்ளிக்கூடத்திலும் எழும். ஒரே பாடத்தைப் பத்தாண்டு கற்பித்த ஆசிரியன் பாடக்குறிப்பு எழுத அமரும்போது முணுமுணுக்கின்றான். நானும் அதற்கு விலக்கல்லன். இம்முணுமுணுப்பில் நியாயமும் உண்டு, பிழையும் உண்டு.

பிழையை முதலில் நோக்குவோம். 1935 ஒக்டோபர் 30ஆம் நாள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள ரைட் விமானத்தளத்தில், போயிங் நிறுவனம் புதிதாய்க் கட்டிய நான்கு எந்திரக் குண்டுவீச்சு விமானமொன்று சோதனைக்காக மேலெழுந்தது. செலுத்தியவர் படையின் பறப்புச் சோதனைப் பிரிவுத் தலைவரான மேஜர் ஹில். நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி டவரும் உடனிருந்தார். அவ்விமானத்தை அவரைவிட அறிந்தவர் இலர் எனலாம். செங்குத்தாக ஏறிய விமானம் விசை குன்றி வீழ்ந்து தீப்பற்றியது. ஹில் அன்றே மாண்டார். டவர் சில நாட்களின்பின் மாண்டார். எந்திரத்தில் பழுது எதுவும் காணப்படவில்லை. தரையில் நிற்கும்போது காற்று வால்பகுதிச் சுக்கான்களை அசைத்துச் சேதப்படுத்தாதிருக்க ஒரு பூட்டு இடப்படும். புறப்படுமுன் அதனை விடுவிக்க மறந்திருந்தனர். அவ்வளவே.

அறியாமையால் நேர்ந்த பிழையன்று இது. கை பழகப்பழகச் சிறுசெயல்கள் சிந்தனையிலிருந்து நழுவிவிடுகின்றன. தேர்ச்சி என்பதே ஓரளவுக்கு அதுதான். ஆதலின் புதியவன் அஞ்சியஞ்சிச் சரிபார்ப்பதைத் தேர்ந்தவன் செய்துவிட்டதாகவே எண்ணிவிடுகின்றான். படை விமானிகள் கண்ட பரிகாரம் மேலும் பயிற்சியன்று. புறப்படுமுன்னும் இறங்குமுன்னும் வாசித்துச் சரிபார்க்கும் ஒரு சிறு பட்டியலே. பறப்பது எப்படி என்று அது கற்பிக்கவில்லை. மறக்கக்கூடியவற்றை மட்டும் நினைவூட்டியது. அவ்வகை விமானங்கள் பின்னர் பி-17 என்னும் பெயரில் 12,000க்கு மேற்பட்டுக் கட்டப்பட்டன.

இனி நியாயத்துக்கு வருவோம். விமானிகளின் பட்டியலுக்கு முன்பே தொழிற்சாலைகளில் வேறொருவகை ஏடு புகுந்திருந்தது. பிரெடரிக் டெயிலர் என்னும் பொறியியலாளர், தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய கைமரபு அறிவை நிர்வாகம் சேகரித்து, விதிகளாக்கி, அறிவுறுத்தல் அட்டைகளாகத் திருப்பி வழங்க வேண்டும் என்றார். எதை, எப்படி, எவ்வளவு நேரத்தில் செய்வது என்பதெல்லாம் அட்டையில் இருக்கும். சிந்திப்பது அலுவலகம், செய்வது கை. கொல்லனிடம் பறித்த அறிவை அவனுக்கே கட்டளையாக நீட்டுவதைக் கொடை என்பாருமுளர்!

1911 ஓகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் அரசாங்க ஆயுதசாலையில் வார்ப்புத் தொழிலாளர், நிறுத்துகடிகாரத்தால் தம் வேலையை அளப்பதை எதிர்த்து வெளியேறினர். ஒரு கிழமைக்குள் வேலைக்குத் திரும்பினராயினும் அவர்களது முறையீடு வீண்போகவில்லை. காங்கிரஸ் விசாரணைக்குழு அமைத்தது. 1912இல் டெயிலரே அதன்முன் சாட்சியளித்தார்.

வார்ப்பவன் அறியாமையாலா ஏட்டை எதிர்த்தான்? அவனது ஏட்டில் அவனுடைய எழுத்து ஒன்றேனும் இல்லை. விமானியின் பட்டியலோ விமானியே எழுதியது, தன் தோழன் மாண்டதன்பின் எழுதியது. ஏடு வேண்டுமா என்பதோடு, எழுதுகோல் எவர் கையில் என்பதையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். 1915இல் காங்கிரஸ் படைச்செலவுச் சட்டத்தின்வழி நிறுத்துகடிகார அளவீட்டையும் அதனோடிணைந்த ஊக்கப்பணத்தையும் தடுத்தது. அட்டையை எவர் எழுதுவது என்பதுபற்றி அத்தடை ஒன்றும் கூறவில்லை.