லயத்து வீட்டுக் காய்கறிக் கொல்லையும் நம் பள்ளிக்கூடமும்

வரலாறு என்றால் அரசர்களும் போர்களும்தான் என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். லயத்து வீட்டுப் பின்புறம் நிற்கும் கத்தரிச் செடிக்கும் முருங்கை மரத்துக்கும் வரலாறு உண்டு என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த வரலாற்றைப் பெற்றோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் சுருக்கமாக எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேரி தீவு தாழ்ந்த பூமி. ஒருபுறம் லங்காட் ஆறு, மறுபுறம் மலாக்கா நீரிணை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் துரை இங்கே தோட்டம் திறந்தார். அவர் பெயரே தீவுக்கும் நிலைத்தது. மா மெரி மக்கள் அதற்கு முன்பிருந்தே இங்கு வாழ்ந்து வருகிறார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. கடல் நீர் உள்ளே ஏறாமல் இருக்க மண் கரை கட்டி, கான் வெட்டி, மடை வைத்துத்தான் இந்தத் தீவில் பயிர் செய்ய முடிந்தது. கித்தாக் காடாக இருந்ததும், பின்னர் செம்பனைக் காடாக மாறியதும் அந்தக் கரைகளுக்கு உள்ளேதான்.

தோட்டம் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம். வீடும் கம்பெனி வீடு. அப்படியிருக்க, தொழிலாளி தன் விருப்பம் போல் கொத்தி விதைக்கக் கொஞ்சம் மண் எப்படிக் கிடைத்தது?

1923-ஆம் ஆண்டு ஐக்கிய மலாய் மாநிலங்களில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்று வந்தது. குடும்பத்தோடு தோட்டத்தில் தங்கி வேலை செய்யும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் காய்கறி போடவும் ஆடு மாடு மேய்க்கவும் பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும் என்று அச்சட்டம் சொன்னது. கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் பதினாறில் ஒரு பங்கு சுமார் 2,722 சதுர அடி. அதாவது 52 அடி நீளம், 52 அடி அகலம்.

அதே சட்டம் இன்னொன்றையும் சொன்னது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், அந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்பதே அது. ஆக, காய்கறிக் கொல்லையும் தோட்டத்துப் பள்ளிக்கூடமும் ஒரே சட்டத்தின் கீழ் உரிமை பெற்றவை. உடன்பிறப்புகள் என்று சொன்னாலும் தகும்.

சட்டம் எழுதியபடி எல்லாத் தோட்டங்களிலும் நடந்துவிடவில்லை. சில இடங்களில் ஒதுக்கிய நிலம் சதுப்பாக இருந்தது. பள்ளிக்கூடமும் பல தோட்டங்களில் பேருக்கு ஒரு கொட்டகையாக இருந்தது. கங்காணியோ கிராணியோ வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். கிடைத்ததை வைத்து விளைய வைத்தவர்கள் நம் மூத்தவர்களே.

அந்த வேலை எளிதன்று. ஊரில் "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பார்கள். இங்கே அந்தக் கணக்குச் சரிப்படாது. ஆடி மாதத்தில் நம் மேற்குக் கரையில் மழை குறைவு. சித்திரையை ஒட்டியும் ஐப்பசி, கார்த்திகையிலும்தான் மழை கூடுதல். ஆகவே பொங்கல் கழிந்து வெயில் அடிக்கும் நாட்களில் கொல்லையைத் திருத்துவார்கள். பங்குனியில் மேகம் திரளத் தொடங்கியதும் விதைப்பார்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு வசந்த காலம் எப்படியோ, நமக்குத் தை முதல் சித்திரை வரை அப்படி.

முதலில் கானில் அடைந்த சேற்றை அள்ளிப் பாத்தி மேல் போட வேண்டும். தாழ்ந்த பூமியாதலால் பாத்தி உயரமாக இருந்தால்தான் வேர் அழுகாது. கடலோரக் களிமண் சில இடங்களில் புளிப்பேறிய மண். அதனால் அடுப்புச் சாம்பலைச் சேர்த்து வைத்து மண்ணோடு கலப்பார்கள். சாம்பல் புளிப்பைத் தணிக்கும். மாட்டெருவும் ஆட்டுப் புழுக்கையும் உரம். கத்தரி, மிளகாய் நாற்றுக்குத் தென்னோலை நிழல். புடலை, பீர்க்கு, சுரைக்குப் பந்தல். பயற்றங்காய்க்குக் கொம்பு. முருங்கைக்கு ஒரு போத்தை ஒடித்து நட்டாலே போதும். முற்றிய காயை விதைக்கென்று விட்டு, காயவைத்து, சாம்பலில் புரட்டி வைப்பதும் மறக்கக்கூடாத வேலை.

இத்தனையும் யார் செய்தார்கள்? விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, நிறுவை முடிந்து வீடு திரும்பிய தாய்மார்களே பெரும்பாலும் செய்தார்கள். "சாயங்காலம் ரெண்டு பாத்தி கொத்தினாத்தான் மறுநாள் கொழம்பு" என்று பாட்டிமார் சொல்லக் கேட்கிறோம்.

கொல்லையின் அருமை கெட்ட காலத்தில்தான் தெரிந்தது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது. 50 காசாக இருந்த ஆண்களின் நாள் கூலி 1930-இல் 40 காசானது. பின்னர் மேலும் குறைந்தது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊருக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். இங்கே தங்கிவிட்ட குடும்பங்களின் சட்டியில் வெந்தது கொல்லைக் கீரை.

1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சி. அரிசி அரிதாயிற்று. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோறாயின. பூந்தொட்டி இருந்த இடத்திலும் கிழங்கு நட்டார்கள். ஆண்கள் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டார்கள், பலர் திரும்பவேயில்லை. வீட்டில் தனித்து நின்ற தாய்மார்கள் கிழங்கை அவித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள்.

1948 முதல் 1960 வரை அவசரகாலம். 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரக் குடிகளைக் கம்பி வேலிக்குள் குடியமர்த்தினார்கள். தோட்டத் தொழிலாளர் பலரும் அப்படியே ஓரிடத்தில் சேர்க்கப்பட்டார்கள். காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். அப்போதும் வேலிக்குள் இருந்த நாலு பாத்தி கை கொடுத்தது.

கொல்லையைப் புகழ்வதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். காய்கறி வாங்கும் செலவு மிச்சம் என்றால் குறைந்த கூலியிலும் குடும்பம் ஓடும். ஆகவே கொல்லை தொழிலாளிக்கு உதவியது போலவே முதலாளிக்கும் உதவியது. இன்னும் ஒன்று: அந்த மண் என்றைக்கும் நமக்குச் சொந்தமானதில்லை. வேலை ஓய்ந்தால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். வீட்டோடு கொல்லையும் போகும். முப்பது வருடம் எருப் போட்டுப் பதப்படுத்திய மண்ணையும், கையால் நட்ட முருங்கையையும் விட்டுவிட்டுப் பந்திங், கிள்ளான் பக்கம் போன குடும்பங்கள் எத்தனையோ. அடுக்குமாடி வீட்டில் அவர்களுக்கு மிஞ்சியது ஒரு கறிவேப்பிலைத் தொட்டி.

அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. விதையைக் கொண்டு போகலாம். படிப்பையும் கொண்டு போகலாம். ஒரே சட்டத்தில் கிடைத்த இரண்டில் கொல்லை அன்றைய வயிற்றை நிரப்பியது. பள்ளிக்கூடமோ, தோட்டத்தை விட்டுப் போன பிறகும் கூடவே வந்தது. மகன் கிராணியாகவோ ஆசிரியராகவோ ஆனான் என்றால் அதற்குப் பின்னால் இந்த இரண்டும் இருந்தன. வயிறு நிறைந்த பிள்ளைதானே வகுப்பில் உட்கார்ந்து படிக்கும்!

பெற்றோர்களே, இன்று காய்கறி லோரியில் வருகிறது. ஆயினும் வீட்டோரம் ஒரு பாத்தி இருக்கட்டும். இடமில்லையென்றால் தொட்டியாவது இருக்கட்டும். பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுங்கள். புத்தகத்தைப் பிடுங்கிவிட்டு மட்டும் கொடுக்காதீர்கள்.

மாணவமணிகளே, இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மாதம் என்ன விதைத்தீர்கள்? விதை யார் கொடுத்தது? ஜப்பான்காரன் காலத்தில் நம் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று உங்களுக்குச் சொன்னது யார்? சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கேட்க வேண்டியதை இன்றே கேட்டுவிடுங்கள். சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.