சோடாவுக்குப் பிறந்த பீப்பாய்

பீருக்கும் சோடாவுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் 250 ஆண்டுப் பழசு. 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பாதிரியார் ஜோசப் பிரீஸ்ட்லி குடியேறிய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை இருந்தது. புளித்துக்கொண்டிருந்த தொட்டிகளின்மேல் ஒரு சாண் உயரத்துக்கு ஏதோ வாயு தேங்கி நின்றது. எரியும் குச்சியை அதற்குள் நீட்டினால் அணைந்தது. அந்த வாயுவுக்குள் இரண்டு பாத்திரங்களைப் பிடித்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஆற்றிப் பார்த்தார் பிரீஸ்ட்லி. தண்ணீர் நாக்கில் சுருக்கென்றது. 1772-இல் செய்முறையை அச்சிட்டே வெளியிட்டுவிட்டார். சோடா பிறந்தது பீர்த் தொட்டியின்மேல்தான்.

பீரிடம் சோடா பட்ட அந்தக் கடனை இருபதாம் நூற்றாண்டில் தீர்த்து வைத்தது ஓர் எஃகு பீப்பாய். சோடாவுக்காகச் செய்த அது பீருக்கு வாழ்க்கைப்பட்டு, சென்னை நங்கநல்லூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து மறுபடி சோடாவுக்கே திரும்பியிருக்கிறது.

எஃகுக்கு முன்னால் இருந்தது மரம். 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து சிறு ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கினார். சென்னை, பெங்களூர் வட்டாரத்துப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அதன் பீர் ‘ஹாக்ஸ்ஹெட்’ என்னும் பெரிய மரப் பீப்பாய்களில் போயிற்று. நங்கநல்லூரை ஒட்டிய பறங்கிமலையும் அன்று படை ஊர்தான். மரப் பீப்பாயில் ஒரு சங்கடம் உண்டு. பீர் இறங்க இறங்க, அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். காற்று பட்ட பீர் சீக்கிரமே கெட்டுப்போகும். திறந்தால் குடித்துத் தீர்த்தாக வேண்டும். பட்டாளத்துக்கு அது பிரச்சினையே இல்லை. வீட்டில் தினம் ஒரு தம்ளர் குடிப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

வழி பிறந்தது அமெரிக்கச் சோடாக் கடையில். ரிச்சர்ட் கார்னீலியஸ் 1931-இல் மினசோட்டா மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப்போரின்போது விமானங்களுக்குக் கம்ப்ரசர் செய்து கொடுத்தது. போர் முடிந்ததும் குளிர்பானம் பிடித்துத் தரும் கருவிகளில் இறங்கியது. அதன் பெயரால்தான் நம் எஃகு பீப்பாயை இன்றும் ‘கார்னி கெக்’ என்கிறார்கள். 5 அமெரிக்க காலன், அதாவது 19 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். இடுப்பளவுகூட வராத உயரம், துருப்பிடிக்காத எஃகு. 130 பிஎஸ்ஐ அழுத்தம் வரை தாங்கும் என்று உடம்பிலேயே பொறித்திருக்கும்.

தலைமாட்டில் இரண்டு வால்வுகள். ஒன்றின்கீழ் விரல் நீளக் குழாய். கார்பன் டை ஆக்சைடு அதன் வழியே உள்ளே போகும். மற்றதன்கீழ் அடிமட்டம் வரை இறங்கும் நீளக் குழாய். மேலிருந்து வாயு அழுத்த, பானம் அதன் வழியே ஏறி வெளியே வரும். காற்றுக்கு உள்ளே வேலையே இல்லை. மூடிதான் இதில் கெட்டிக்காரத்தனம். முட்டை வடிவ வாய், அதைவிடச் சற்றுப் பெரிய முட்டை வடிவ மூடி. மூடியைச் சாய்த்து உள்ளே விட்டுத் திருப்பி, மேல்நோக்கி இழுத்துப் பொருத்த வேண்டும். உள்ளே அழுத்தம் ஏற ஏற மூடி இன்னும் இறுகும். 1872-இல் லண்டன்காரர் ஹைரம் காட் உரிமம் வாங்கிய கோலி சோடா பாட்டிலும் இப்படித்தான்: வாயு கோலியை உள்ளிருந்து ரப்பர் வளையத்தின்மேல் தள்ளித் தானே அடைத்துக்கொள்ளும்.

கடைகளுக்குப் பாகு அனுப்பிய இந்தப் பீப்பாய்களில் கோக் ஒரு வகை வால்வைப் பிடித்துக்கொண்டது, பெப்சி வேறொரு வகையை. ஒன்றின் இணைப்பு மற்றதில் ஏறாது. இப்படி ஒரு தலைமுறைக் காலம் ஓடிய பிறகு, அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் பாகை அடைத்து அனுப்பும் முறை வந்தது. காலி பீப்பாயைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம், கழுவ வேண்டாம். நல்ல எஃகு பீப்பாய்கள் மலை மலையாகப் பழைய இரும்பு விலைக்கு வந்தன.

வாங்க ஆள் தயாராக இருந்தது. 1933-இல் அமெரிக்கா மதுவிலக்கை நீக்கியபோது, வீட்டில் ஒயின் செய்ய அனுமதித்த சட்டம் பீரை விட்டுவிட்டது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தத் தடையைத் தூக்கியது. 1979 பிப்ரவரி 1 முதல் ஒருவர் ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீடு 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். வீட்டில் பீர் காய்ச்சுபவரின் ஓர் ஈடு வழக்கமாக 5 காலன். பாட்டிலில் அடைத்தால் ஐம்பதுக்கு மேல் கழுவ வேண்டும். கார்னி கெக் என்றால் ஒன்றே ஒன்று. அளவு அச்சாகப் பொருந்திவிட்டது.

நியூ ஜெர்சியில் என் அக்கா மகன் வீட்டுக் கார் ஷெட்டில் அப்படி ஓர் ஏற்பாட்டைப் பார்த்தேன். ஐஸ்கிரீம் கடைகளில் இருக்குமே, மேலே திறக்கும் ஃப்ரீசர், அதுதான். அதன் விளிம்புக்கும் மூடிக்கும் நடுவே நான்கு பலகைகளை அடித்து உயர்த்தி, பலகையில் குழாய் பொருத்தியிருந்தான். உறைந்துவிடாமல் இருக்க, தனியாக ஒரு தெர்மோஸ்டாட் 4 டிகிரியில் நிறுத்தும். வாயு 12 பிஎஸ்ஐ. ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் பீரில் தானாக ஏறிவிடும். பீப்பாயிலிருந்து குழாய் வரை மெல்லிய பிளாஸ்டிக் டியூப் 3 மீட்டர். “டியூப்பை வெட்டிக் குறைச்சா தம்ளர் முழுக்க நுரைதான், சித்தி” என்றான். அழுத்தம் வழியிலேயே மெல்லத் தணிந்து வர அந்த நீளம் வேண்டும்.

வீடு மாறும்போது இரண்டு பீப்பாய்களை இங்கே கொண்டுவந்துவிட்டான். காலியாக ஒவ்வொன்றும் 4 கிலோ சொச்சம். உள்ளே துணியைத் திணித்து பெட்டியில் வைத்தாயிற்று. சிலிண்டர் வரவில்லை, வரவும் கூடாது. வாயு சிலிண்டருக்கு நாக்பூரில் தலைமையிடம் உள்ள பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்க ரெகுலேட்டர் நம்மூர் சிலிண்டரின் வால்வில் நேரடியாக ஏறாது. அடாப்டர் தேட வேண்டியிருந்தது.

பீருக்கு இங்கே பேச்சே இல்லை. ராஜாஜி ஆட்சியில் 1937-இல் வந்த மதுவிலக்குச் சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. டாஸ்மாக்கில் வாங்கலாம், வீட்டில் காய்ச்சினால் குற்றம், காய்ச்சுவதற்கென்று கருவி வைத்திருந்தாலும் குற்றம். பெங்களூரு இந்திராநகரில் 2010 முதல் ‘டாய்ட்’ என்ற மதுக்கூடம் தன் கடையிலேயே காய்ச்சி ஊற்றுகிறது என்றால், அது கர்நாடகச் சட்டம். மது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம்.

ஆகவே பீப்பாயில் தண்ணீர் நிரப்பினோம். சோடாவுக்குப் பீரைவிட அதிக வாயு வேண்டும்: 4 டிகிரி குளிரில் 30 பிஎஸ்ஐ. டியூப்பையும் இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது. நன்னாரிப் பாகைப் பீப்பாயில் கலக்கவில்லை. சர்க்கரை வால்வில் பிசுபிசுக்கும். தம்ளரில் பாகும் எலுமிச்சையும் விட்டு, மேலே சோடா பிடித்தால் போதும். பழவந்தாங்கல் ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து வருபவருக்கு ஒரு தம்ளர் கொடுத்துப் பாருங்கள்.

சித்திரை வெயில் ஒன்றைப் பற்றித்தான் அமெரிக்கப் புத்தகங்கள் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. 31 டிகிரியைத் தாண்டினால் சிலிண்டருக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு திரவமாக நிற்காது. அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். மொட்டை மாடி, தகரக் கொட்டகை இரண்டும் அதற்கு ஆகாது.

பழைய கார்னி கெக் கையில் கிடைத்தால் முதலில் ஐந்து ரப்பர் வளையங்களையும் மாற்றிவிடுங்கள். மூடிக்கு ஒன்று, வால்வுகளுக்கு இரண்டு, குழாய்களுக்கு இரண்டு. பழைய குளிர்பானத்தின் வாசனை எஃகை விட்டுப் போகும், ரப்பரை விட்டுப் போகாது. சிலிண்டரை நிழலில், காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்திச் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். தமிழ்நாட்டில் இருக்கும்வரை சோடாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்காகச் செய்த பாத்திரம்தான் அது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.