மின்வண்டி வளர்த்த தாம்பரம்

இன்றைக்கு மாநகராட்சியாக இருக்கும் தாம்பரம், நூறு வருஷத்துக்கு முன்னால் எழும்பூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மீட்டர் கேஜ் பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷன். தென்னிந்திய ரயில்வேயின் நீராவி வண்டிகள் அந்த வழியாகத் தெற்கே போய்வந்தன. தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கைக்குப் போகிறவர்களைச் சுமந்த போட் மெயிலும் 1914 முதல் தாம்பரத்தைத் தாண்டித்தான் போயிற்று. வண்டிகள் இருந்தன, ஆனால் தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு தினமும் பட்டணத்து ஆபீசுக்குப் போய்வருவது நடக்கிற காரியமாக இல்லை.

அதை நடக்கிற காரியமாக்கியது மின்சாரம். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை சுமார் 30 கிலோமீட்டர் பாதையை மின்மயமாக்கும் வேலை முடிந்து, 1931 ஏப்ரல் 2 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி அதைத் தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொதுமக்களுக்காக வண்டிகள் ஓடின. இந்தியாவில் முதல் மின்ரயில் 1925-ல் பம்பாயில் ஓடியது. ஆனால் அது அகலப் பாதை. மீட்டர் கேஜில் முதன்முதலாக மின்ரயில் கண்ட ஊர் சென்னைதான். இந்தப் பெருமையைச் சென்னைக்காரர்கள் போதுமான அளவு பேசுவதில்லை.

மின்வண்டியால் அப்படி என்ன மாறியது? சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை என்று ஸ்டேஷன்கள் அடுத்தடுத்து இருக்கும் பாதையில், ஒவ்வொரு தடவையும் நின்று கிளம்பி வேகம் பிடிப்பதற்குள் நீராவி எஞ்சினுக்கு அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி, தண்ணீர் பிடித்து, மறுபக்கம் கொண்டுபோய் மாட்ட வேண்டும். மின்வண்டியிலோ இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. தாம்பரத்தில் இறங்கிய ஓட்டுநர் பிளாட்பாரத்தில் நடந்து மறுமுனைக்குப் போய் ஏறினால், அதுவே பீச் வண்டி. இந்தச் சின்ன வசதிதான் வண்டிகளை அடிக்கடி விட வழிசெய்தது. வண்டி அடிக்கடி வரும் என்ற நம்பிக்கையில்தான் ஜனங்கள் தெற்கே வீடு பார்க்க ஆரம்பித்தார்கள்.

மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய தியாகராய நகர் இந்தப் பாதையின் பலனை முதலில் அனுபவித்த ஊர்களில் ஒன்று. குரோம்பேட்டைக்குப் பேர் கொடுத்தது அங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலை. அதற்கு அடுத்த தாம்பரம் சானடோரியத்தின் பேரிலும் ஒரு வரலாறு இருக்கிறது. டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக 1928-ல் இங்கே சானடோரியத்தைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத அந்தக் காலத்தில், நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும்தான் சிகிச்சை. நகரத்தை விட்டுத் தள்ளியிருந்த தாம்பரம் அதற்குத் தோதான இடம். 1937-ல் அரசாங்கம் அந்த மருத்துவமனையை ஏற்றுக்கொண்டது.

அதே 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது. அதுவரை அது ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, பீச் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. புது வளாகம் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே. மின்வண்டிப் பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கல்லூரி இடம் மாறியது என்றே சொல்லலாம். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்தில் மரம் வளர்க்கப் பாடுபட்டார்கள். அந்தப் பசுமை இன்றும் இருக்கிறது.

தாம்பரத்தில் பயணிகள் அதிகம் பார்க்காத ஒரு பகுதி பணிமனை. மின்வண்டிகளைச் சோதித்து, பழுதுபார்த்து, மறுநாள் ஓட்டத்துக்கு அனுப்புகிற இடம். முதலில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய வண்டிகள் 1967-ல் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறின. அதற்கான பெட்டிகளைப் பெரம்பூர் ஐ.சி.எஃப். செய்து கொடுத்தது. விழுப்புரம் வரை ரயில் இழுக்க ஜப்பானிலிருந்து வந்த ‘யாம்-1’ மீட்டர் கேஜ் மின் எஞ்சின்களுக்கும் தாம்பரமே வீடு. அகலப் பாதை வந்ததும் அவற்றுக்கு வேலையில்லாமல் போயிற்று. பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்வண்டிகளும் 2004-ல் நின்றன.

இன்றைய தாம்பரம் மூன்று வேலைகளைச் சேர்த்துப் பார்க்கிறது. பீச்சுக்கும் செங்கல்பட்டுக்கும் போகும் புறநகர் வண்டிகள் ஒன்று. 2025 ஏப்ரலில் இந்தப் பாதையில் ஏ.சி. மின்வண்டியும் சேர்ந்தது. சென்ட்ரல், எழும்பூருக்கு அடுத்த முனையமாக வெளியூர் வண்டிகளை அனுப்புவது இன்னொன்று: 2023-ல் செங்கோட்டைக்கும், 2025-ல் புதிய பாம்பன் பாலத்தின் மேல் ராமேஸ்வரத்துக்கும் இங்கிருந்து ரயில் கிடைத்தது. மூன்றாவது வேலை எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. மேற்கே ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கிழக்கே கல்லூரிக்கும் வேளச்சேரி பஸ்ஸுக்கும் போகிறவர்களுக்கு ஸ்டேஷன் நடைமேம்பாலம்தான் வழி. காலையில் அதில் ஏறினால், ஓடுகிற வண்டியைப் பிடிக்க மூச்சிரைக்க இறங்குகிறவரும், பூக்கூடையைத் தலையில் வைத்து வெண்டர் பெட்டி நிற்கும் இடம் பார்த்து நிதானமாக நடக்கும் அம்மாவும், ரயிலே ஏறாத மாணவர்களும் ஒரே படியில் இடித்துக்கொள்கிறார்கள். இத்தனை பேருக்கு அந்த அகலம் போதாது.

2031 மே 11 அன்று இந்தப் பாதையின் மின்வண்டிக்கு நூறு வயது நிறைகிறது. மீட்டர் கேஜ் வண்டிகளை ஓட்டியவர்களும் பழுதுபார்த்தவர்களும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் ஓய்வுபெற்று வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் புகைப்படங்களையும் பணி ஆவணங்களையும், அவர்களுடைய நினைவுகளையும் ரயில்வே நிர்வாகமும் தாம்பரம் மாநகராட்சியும் இப்போதே சேகரிக்கத் தொடங்க வேண்டும்.