நக்கலில் நாக்கு இல்லை

நாக்கால் நக்குவதுபோல் அடுத்தவரைச் சொல்லால் தீண்டுவதே நக்கல் என்று பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவர் விளக்கம் சொன்னார். கைதட்டலும் விழுந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

நக்கலுக்கு வேர் 'நகு'. புகு புக்கான் ஆகும், தகு தக்கான் ஆகும். அப்படியே நகு நக்கான் ஆகும். பழந்தமிழில் நக்கு என்றால் சிரித்து என்றும் பொருள். வினையில் இரட்டித்த ககரம் பெயரில் நிற்குமா என்பவர்கள் 340ஆம் குறளின் 'புக்கில்' என்ற சொல்லைப் பார்க்கட்டும்.

நகுதல் வெறும் மகிழ்ச்சிச் சிரிப்பும் அன்று. வஞ்சகனைக் கண்டு ஐம்பூதங்களும் உள்ளுக்குள் நகும் (271). இல்லையென்று சோம்பிக் கிடப்பவனைக் கண்டு நிலமகள் நகுவாள் (1040). நகை பிறக்கும் நான்கு களன்களில் தொல்காப்பியர் முதலில் வைத்தது எள்ளலைத்தான்.

உருது 'நக்கால்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அது பிறரைப்போல் நடித்துக் காட்டும் ஆளைக் குறிப்பது. நம் நக்கல் செயலைக் குறிப்பது. ஜெராக்ஸ் கடை 'நகல்' அரபி வழி வந்தது. 999ஆம் குறளின் 'நகல்' சிரித்து மகிழ்தல். ஒலி ஒத்தால் உறவாகிவிடாது.

அதற்குச் சான்று எங்கள் பென்னாகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒகேனக்கல்லில் நக்கலும் இல்லை, நக்குதலும் இல்லை. கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை. பால் ஹாலு ஆனதுபோல் பகரம் ஹகரமாயிற்று. புகையும் கல், அவ்வளவே. அதே கன்னடத்தார் சிரிப்பதை 'நகு' என்றும் சிரிப்பை 'நகெ' என்றும் இன்றும் சொல்கிறார்கள். காவிரிக்கு இரு கரையிலும் ஒரே வேர்.

சொல்லைப்போலவே பொருளும் எங்கள் மண்ணில் பழையது. தகடூர் அதியமானின் தூதாகப் போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலங்களைக் காட்டினான். உன்னுடையவை பீலி சூட்டி, நெய் பூசிக் காவல்மனையில் அழகாக இருக்கின்றன. அவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் (புறநானூறு 95). புகழ்ந்த வாயாலேயே, போரே அறியாத வேல் என்று சொல்லிவிட்டாள்.

போன மாதம் பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒரு பெரியவர் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏம்ப்பா, ஒகேனக்கல்ல தண்ணி அதிகமா வருதுன்னாங்க, இங்க வரைக்கும் வந்துடுச்சா?" என்றார். "நக்கலைப் பாரு!" என்று டீ ஆற்றியவரே முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்துதான் சொல் பிறந்தது. நாக்கிலிருந்து அன்று.